ரிமோட் டெஸ்க்டாப்: திரையைப் பகிர்வதா, தனி செஷன் திறப்பதா?

வேறு அறையிலோ வேறு ஊரிலோ இருக்கும் கணினியை இருந்த இடத்திலிருந்தே இயக்க வேண்டும். இதற்கு வழி தேடினால் ஆர்டிபி, விஎன்சி, எனிடெஸ்க், ரஸ்ட்டெஸ்க், குரோம் ரிமோட் டெஸ்க்டாப் என்று பெயர்கள் வரிசை கட்டி நிற்கும். எது வேகம், எது இலவசம் என்று அந்த வரிசையை ஒப்பிட ஆரம்பித்தால் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருவோம். ஏனென்றால் இவை எல்லாம் ஒரே வேலையைச் செய்பவை அல்ல.

என்னைக் கேட்டால், மென்பொருள் பெயருக்குப் போகும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: நீங்கள் இணையும் நேரத்தில் ஹோஸ்டின், அதாவது தூரத்தில் இருக்கும் அந்தக் கணினியின் முன்னால் யாராவது உட்கார்ந்திருப்பார்களா? இருப்பார்கள், அவர்கள் பார்ப்பதையே நானும் பார்க்க வேண்டும் என்றால் தேவை திரைப் பகிர்வு. யாரும் இருக்க மாட்டார்கள், அல்லது இருந்தாலும் அவர்கள் வேலை வேறு, என் வேலை வேறு என்றால் தேவை தனி செஷன், அதாவது எனக்கென்றே திறக்கும் தனி டெஸ்க்டாப். இந்தப் பதிலிலேயே பாதிப் பெயர்கள் கழிந்துவிடும்.

தனி செஷன் என்றால் ஆர்டிபி

ஒரே கணினியில் பலர் வேலை செய்வதற்காகவே உருவானது மைக்ரோசாஃப்ட்டின் ஆர்டிபி (ரிமோட் டெஸ்க்டாப் புரோட்டோகால்). 1998இல் வந்த விண்டோஸ் என்டி 4.0 டெர்மினல் சர்வர் பதிப்போடு அறிமுகமானது. அந்தப் பதிப்பின் பல்பயனர் வசதி சிட்ரிக்ஸ் நிறுவனத்திடமிருந்து வந்தது. அந்தப் பிறவிக்குணம் இன்னும் போகவில்லை. ஆர்டிபியில் நுழைந்தால் ஹோஸ்டின் மானிட்டரில் தெரிவதைப் படம்பிடித்து உங்களுக்கு அனுப்புவதில்லை. உங்களுக்கென்று ஒரு திரையை உருவாக்கி, அதை உங்கள் மானிட்டரின் அளவுக்கே அமைத்துத் தருகிறது. உங்களிடம் இரண்டு மானிட்டர் இருந்தால் இரண்டையும் நிரப்பும். ஹோஸ்டில் மானிட்டரே இல்லாவிட்டாலும் அதற்குக் கவலையில்லை. கிளிப்போர்டு, ஒலி, பிரிண்டர், உங்கள் பக்கத்து டிரைவ்கள் எல்லாம் கூடவே வரும்.

இதில் நான் மிகவும் மதிப்பது வேறொன்று. இணைப்பு அறுந்தால் செஷன் சாவதில்லை. ஜன்னலை மூடிவிட்டுப் போய் மறுநாள் வேறொரு மடிக்கணினியிலிருந்து நுழைந்தாலும், பாதி தட்டிய வாக்கியமும் திறந்திருந்த கோப்புகளும் அப்படியே இருக்கும். ஆனால் ஜன்னலை மூடுவதும் சைன் அவுட் செய்வதும் ஒன்றல்ல. பலர் பயன்படுத்தும் ஹோஸ்டில் எல்லோரும் ஜன்னலை மட்டும் மூடிக்கொண்டே போனால், ஆளில்லாத செஷன்கள் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். “கணினி ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது?” என்ற புகாருக்குப் பல சமயம் பதில் டாஸ்க் மேனேஜரின் பயனர் தாவலில்தான் இருக்கிறது.

சாதாரண விண்டோஸில், அதாவது சர்வர் அல்லாத பதிப்பில், ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் இடம். நீங்கள் உள்ளே நுழைந்ததும் ஹோஸ்டின் மானிட்டர் லாக் ஸ்கிரீனுக்குப் போய்விடும். அந்த அறையில் இருப்பவர் அதைப் பார்த்து, கணினி சும்மாதான் கிடக்கிறது என்று நினைத்து, தன் கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே வருவார். இங்கே உங்கள் இணைப்பு துண்டிக்கப்படலாம். ஒரே கணக்கை இருவரும் பயன்படுத்தினால் மாறி மாறி ஒருவரையொருவர் வெளியே தள்ளிக்கொண்டிருப்பீர்கள். எனவே அருகிலிருப்பவருக்கு ஏதாவது கற்றுத்தரவோ, அவர் சிக்கலைச் சரிசெய்யவோ ஆர்டிபி சரியான கருவி அல்ல.

உரிம விஷயங்களையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். விண்டோஸ் ஹோம் பதிப்பிலிருந்து வேறு கணினிக்குள் நுழையலாம்; ஆனால் ஹோம் பதிப்பு ஓடும் கணினி ஆர்டிபி ஹோஸ்டாக இருக்க முடியாது. அதற்கு ப்ரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் போன்ற பதிப்பு வேண்டும். இந்தத் தடையை உடைக்க ஒட்டுவேலை மென்பொருள்கள் உலவுகின்றன. விண்டோஸ் அப்டேட் வரும்போதெல்லாம் அவை உடைந்துபோகும், உரிம விதிக்கும் ஒவ்வாது. தூரத்தில் இருக்கும் கணினியில் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு நுழைய முடியாமல் போவதுதான் நமக்கு வரக்கூடிய பெரிய தலைவலி. அதைக் காசு கொடுக்காமல் வரவழைத்துக்கொள்வானேன்? விண்டோஸ் சர்வர் என்றால் நிர்வாக வேலைக்கு ஒரே நேரத்தில் 2 செஷன் வரை தனி உரிமம் இல்லாமல் கிடைக்கும். அதற்கு மேல் ஆள் வந்தால் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் நிறுவி, ஆளுக்கோ சாதனத்துக்கோ ஒரு உரிமம் வாங்க வேண்டும். நிறுவியதும் 120 நாள் சலுகைக் காலம் உண்டு. அது முடிகிற நாளில் எல்லோரும் ஒன்றாக வெளியே நிற்கும் காட்சி பல அலுவலகங்களுக்குப் பழக்கமானது.

சின்ன விஷயம், ஆனால் நிறையப் பேர் முட்டிக்கொள்வது: விண்டோஸில் தினமும் 4 இலக்க பின் எண்ணைத் தட்டி நுழைபவர்கள், ஆர்டிபி கேட்கும் இடத்திலும் அதையே தட்டிப் பார்ப்பார்கள். அது ஏற்காது. அந்தப் பின் எண் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. கணக்கின் உண்மையான கடவுச்சொல் வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் ‘கடவுச்சொல் இல்லாமல் நுழைவு’ என்று வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் குழப்பும். அதற்காகவே ஹோஸ்டில் தனியாக ஒரு உள்ளூர்க் கணக்கு வைத்துக்கொள்வது எளிது.

லினக்ஸ் ஹோஸ்டில் அதே ஆர்டிபி

ஆர்டிபி என்றால் விண்டோஸ் மட்டும் என்ற காலம் போய்விட்டது. எக்ஸ்ஆர்டிபி என்ற ஆர்டிபி சர்வர் மென்பொருளை நிறுவினால் லினக்ஸ் கணினிக்குள்ளும் அதே விண்டோஸ் கிளையன்டை (நம் பக்கத்து இணைப்பு மென்பொருளை) வைத்து நுழையலாம். லினக்ஸ் டெஸ்க்டாப்களில் ஒன்றான க்னோமின் 46ஆம் பதிப்பு (2024) முதல், யாரும் லாகின் செய்யாத கணினிக்குள்ளும் ஆர்டிபி வழியாகப் போகும் வசதி க்னோமிலேயே இருக்கிறது. இன்னொரு டெஸ்க்டாப்பான கேடிஇ பிளாஸ்மா 6.1இலும் ஆர்டிபி சர்வர் சேர்ந்துவிட்டது. பலர் ஒரே ஹோஸ்டில் வேலை செய்ய வேண்டும், ஆளுக்கொரு உரிமம் வாங்க மனமில்லை என்றால் என் கை எக்ஸ்ஆர்டிபி பக்கம்தான் போகும். தலைக்கு இத்தனை செஷன் என்ற உரிம வரம்பு கிடையாது; நினைவகம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு. ஆனால் ஐந்து பேர் ஐந்து பிரவுசர் திறந்தால் 16 ஜிபி எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

எக்ஸ்ஆர்டிபியின் பிரபலமான தொல்லை கருந்திரை. பயனர் பெயர், கடவுச்சொல் கொடுப்பீர்கள், ஏற்றுக்கொள்ளும், திரை கறுப்பாகும், ஓரிரு நொடியில் இணைப்பு அறுந்துவிடும். நெட்வொர்க்கைச் சந்தேகிக்க வேண்டாம். கடவுச்சொல் ஏற்கப்பட்டுவிட்டது என்பதே நெட்வொர்க் சரியாக இருப்பதற்குச் சாட்சி. பெரும்பாலும் அதே பயனர் ஹோஸ்டின் மானிட்டரிலும் லாகின் செய்திருப்பார். ஒரே ஆளுக்கு இரண்டு டெஸ்க்டாப் திறக்க க்னோம் போன்றவை ஒத்துக்கொள்வதில்லை. அங்கே லாக் அவுட் செய்யுங்கள், அல்லது தூரத்திலிருந்து நுழைவதற்கென்றே தனிப் பயனர் வைத்துக்கொள்ளுங்கள். எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பை அந்தப் பயனருக்குக் கொடுத்தால் இரட்டிப்பு நிம்மதி.

திரைப் பகிர்வு என்றால் விஎன்சி

விஎன்சி 1990களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஒலிவெட்டி ஆய்வகத்தில் உருவானது. அதன் தத்துவம் ஆர்டிபிக்கு நேர் எதிர்: திரையில் என்ன இருக்கிறதோ அந்தப் படப்புள்ளிகளை அனுப்பு, மவுஸையும் விசையையும் வாங்கிக்கொள், அவ்வளவுதான். இயங்குதளம் எதுவானாலும் அதற்குக் கவலையில்லை. மேக் கணினியில் உள்ளேயே இருக்கும் ஸ்கிரீன் ஷேரிங் வசதியும் அடிப்படையில் விஎன்சிதான். ஹோஸ்டின் முன் இருப்பவரும் நீங்களும் ஒரே அம்புக்குறியை ஆளுக்கொரு பக்கம் இழுக்கலாம். சொல்லிக்கொடுப்பதற்கும், திரையில் ஓடும் ஒரு இயந்திரக் கட்டுப்பாட்டு மென்பொருளை எட்ட இருந்து பார்த்துக்கொள்வதற்கும் இதைவிடப் பொருத்தமானது இல்லை.

வேகம்தான் பிரச்சினை. 1920×1080 திரையில் 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் வைத்தால் ஒரு முழுத்திரை சுமார் 6.2 எம்பி. நொடிக்கு 60 முறை என்றால் 370 எம்பிக்கு மேல், அதாவது ஏறத்தாழ 3 ஜிகாபிட். இப்படியே யாரும் அனுப்புவதில்லை. மாறிய பகுதியை மட்டும் சுருக்கி அனுப்புவார்கள். அந்தச் சுருக்கும் வேலையை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செய்கிறது என்பதில்தான் ஒரு கருவிக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம். எழுத்தும் படிவமும் நிறைந்த திரை என்றால் விஎன்சி போதும். ஒரு நீண்ட பக்கத்தை வேகமாக உருட்டும்போதும் வீடியோ ஓடும்போதும் மூச்சு வாங்கும்.

இன்னொன்று, பழைய விஎன்சி கடவுச்சொல் முறை முதல் 8 எழுத்தை மட்டுமே பார்க்கும். நீங்கள் 20 எழுத்தில் அழகாக ஒன்று வைத்திருந்தாலும் மிச்சம் 12 வெறும் அலங்காரம். திரையில் ஓடுவதைக் குறியாக்கம் செய்யும் பழக்கமும் அந்த அடிப்படை முறையில் இல்லை. புதிய மென்பொருள்கள் இதைச் சரிசெய்திருக்கின்றன, ஆனால் சர்வர், வியூவர் இரண்டும் அதற்கு ஒத்துப்போக வேண்டும். அதனால் விஎன்சி என்றாலே எஸ்எஸ்எச் சுரங்கத்துக்குள் அல்லது விபிஎன்னுக்குள் (இரண்டுமே குறியாக்கம் செய்த தனிப்பாதைகள்) என்று வைத்துக்கொள்வது நல்லது.

மானிட்டர் இல்லாத ஹோஸ்டில் விஎன்சி போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. திரையைத்தானே அனுப்புகிறது? திரையே இல்லை என்றால் தபால்தலை அளவுக்கு ஒரு படமோ வெறும் கறுப்போ வரும். ஹெச்டிஎம்ஐ துளையில் செருகும் போலிப் பிளக் ஒன்று சின்னதாகக் கிடைக்கிறது. மானிட்டர் இருப்பதாகக் கணினியை நம்பவைத்துவிடும். லினக்ஸில் வேலண்ட் என்ற புதிய திரை அமைப்பு ஓடினால் எக்ஸ்11விஎன்சி என்ற பழைய விஎன்சி சர்வர் வேலை செய்யாது என்பதையும் கவனியுங்கள்.

இடையில் சர்வர் வைத்துக்கொள்பவை

எனிடெஸ்க், டீம்வியூவர், குரோம் ரிமோட் டெஸ்க்டாப், ரஸ்ட்டெஸ்க் எல்லாம் பெரும்பாலும் திரைப் பகிர்வு வகைதான். இவற்றின் பலம் ரவுட்டரைத் தொட வேண்டியதில்லை என்பதில் இருக்கிறது. இரண்டு பக்கமும் வெளியே இருக்கும் ஒரு சர்வரைத் தொடர்புகொள்ளும். அது இரண்டையும் சேர்த்துவைக்கும். முடிந்தால் நேரடியாகப் பேசிக்கொள்ளும், முடியாவிட்டால் அந்தச் சர்வர் வழியாகவே தரவு போய்வரும். கணினி பழக்கமில்லாத ஒருவருக்குப் போனில் பேசிக்கொண்டே உதவ வேண்டும் என்றால், இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் ஆர்டிபி, விபிஎன் என்று பாடம் நடத்த வேண்டாம்.

உதவும்போது ஒரு இடத்தில் எல்லோரும் திகைப்பார்கள். ஏதோ ஒன்றை நிறுவ முற்படுவீர்கள், விண்டோஸ் ‘அனுமதிக்கலாமா?’ என்று கேட்கும் பெட்டி அந்தப் பக்கம் வரும், உங்கள் திரையோ உறைந்து நிற்கும். “ஆமா என்பதை அழுத்துங்க” என்று போனில் சொல்ல வேண்டியதுதான். அந்தப் பெட்டி தனியான பாதுகாப்புத் திரையில் வருகிறது. நிறுவாமல் அப்படியே ஓட்டிய மென்பொருளுக்கு அதைப் பார்க்க உரிமையில்லை. சர்வீஸாக (பின்னணியில் எப்போதும் ஓடும்படி) நிறுவிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

விலை என்ன? முதலாவது, இலவசம் என்பது பெரும்பாலும் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். வணிகப் பயன்பாடு என்று சந்தேகம் வந்தால் இணைப்பைச் சில நிமிடத்தில் அறுத்துவிடும் சேவைகள் உண்டு. இரண்டாவது, நடுவில் இன்னொருவரை நம்ப வேண்டியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் எனிடெஸ்க் தன் சர்வர்களுக்குள் ஊடுருவல் நடந்ததாக அறிவித்து, இணையதளக் கடவுச்சொற்களை ரத்து செய்தது. அதே ஆண்டு ஜூனில் டீம்வியூவரும் தன் அலுவலக நெட்வொர்க்கில் ஊடுருவல் நடந்ததாகச் சொன்னது. இதற்காக இவற்றைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 24 மணி நேரமும் ஆளில்லாமல் திறந்திருக்கும் ஹோஸ்டுக்கு இது என் முதல் தேர்வு அல்ல, அவ்வளவுதான். ரஸ்ட்டெஸ்க் மட்டும் திறமூல மென்பொருள். அந்த இணைப்புச் சர்வரை நீங்களே உங்கள் கணினியில் நடத்தலாம். விண்டோஸ் ஹோம் வைத்திருப்பவர்களுக்கு அதைத்தான் பரிந்துரைப்பேன்.

அப்புறம் ஒன்று: முன்பின் தெரியாதவர் போன் செய்து இவற்றில் ஒன்றை நிறுவச் சொன்னால், அது மோசடி. வீட்டில் பெரியவர்களுக்கு இதை ஏற்கெனவே நிறுவிக் கொடுத்திருப்பவர்கள் இதையும் சேர்த்தே சொல்லிவைக்க வேண்டும்.

விளையாட்டு, வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வரைகலை என்றால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். ஹோஸ்டில் சன்ஷைன், இந்தப் பக்கம் மூன்லைட் என்ற ஜோடி மென்பொருள்கள்தான் வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டின் வீடியோ என்கோடரையே பயன்படுத்துவதால் நல்ல நெட்வொர்க்கில் தாமதம் தெரியவே தெரியாது.

டெஸ்க்டாப் வேண்டுமா என்பதே கேள்வி

லினக்ஸ் ஹோஸ்டில் ஒரு ஸ்கிரிப்ட் ஓட்ட, லாக் பார்க்க, கோப்பு நகர்த்த முழு டெஸ்க்டாப்பையே இழுத்துவருவது வீண். 1995இல் ஃபின்லாந்தின் தாத்து யுலோனென் எழுதிய, கட்டளைகளைத் தட்டியே தூரக் கணினியை இயக்க உதவும் எஸ்எஸ்எச் இன்னும் அசைக்க முடியாத இடத்தில் இருக்கிறது. கூடவே டிமக்ஸ் என்ற டெர்மினல் மென்பொருளை வைத்துக்கொண்டால், இணைப்பு அறுந்தாலும் ஓடிக்கொண்டிருந்த வேலை நிற்காது. ஆர்டிபியில் நான் புகழ்ந்த அதே குணம். மோசமான மொபைல் இணைப்பிலும் ஓடும். விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வரை விண்டோஸிலும் சேர்த்துக்கொள்ளலாம். நீங்கள் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் எஸ்எஸ்எச்சை இரண்டாவது வழியாக வைத்திருங்கள். டெஸ்க்டாப் தொங்கிவிட்டால் உள்ளே போய் அதை மறுபடி தொடங்கவாவது உதவும்.

வெளியிலிருந்து நுழைவது எப்படி

ஒரே நெட்வொர்க்குக்குள் இருந்தால் மேலே சொன்னதோடு கதை முடிந்தது. ரவுட்டரில் ஹோஸ்டுக்கு நிரந்தர ஐபி ஒதுக்கிவிட்டால் போதும். வெளியிலிருந்து என்றால்தான் பலர் தப்பான வழியில் போகிறார்கள்: ரவுட்டரில் ஆர்டிபியின் நுழைவாயிலான 3389 போர்ட்டை வெளியுலகுக்குத் திறந்துவிடுவது. இணையத்தில் திறந்த ஆர்டிபி போர்ட்டைத் தேடிக்கொண்டே இருக்கும் நிரல்கள் எண்ணற்றவை. திறந்த கொஞ்ச நேரத்தில் ஹோஸ்டின் லாகில் தோல்வியடைந்த லாகின்கள் குவிய ஆரம்பிக்கும். எண்ணை மாற்றி வைத்தால் சத்தம் கொஞ்சம் குறையும், ஆபத்து குறையாது. கடவுச்சொல் வலுவாக இருந்தாலும் போதாது என்பதற்கு 2019 மே மாதம் வெளியான புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டையே உதாரணம். லாகின் செய்யாமலேயே, ஆர்டிபி திறந்திருக்கும் பழைய விண்டோஸுக்குள் நுழைய அது வழி கொடுத்தது. 2014இலேயே ஆதரவை நிறுத்திவிட்ட எக்ஸ்பிக்கும்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட வேண்டி வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, வேறு என்ன செய்வது? விபிஎன். வயர்கார்ட் என்ற விபிஎன் 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. பல ரவுட்டர்களிலும் இருக்கிறது. சரியான சாவி இல்லாதவர் தட்டினால் அது பதிலே சொல்லாது என்பதால், அங்கே ஒன்று இருப்பதே தேடுபவருக்குத் தெரியாது. உங்கள் இணைய நிறுவனம் பொது ஐபி தராமல் பலரை ஒரே ஐபிக்குப் பின்னால் வைத்திருந்தால் போர்ட் திறக்கவே முடியாது. அப்போது வயர்கார்ட்டின் மேல் கட்டப்பட்ட டெயில்ஸ்கேல் கைகொடுக்கும். இரண்டு கணினியிலும் நிறுவி ஒரே கணக்கில் நுழைந்தால் இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருப்பதுபோல் பேசிக்கொள்ளும். அதற்குள் ஆர்டிபியோ விஎன்சியோ எதையும் ஓட்டலாம். கிளையன்ட் எதையும் நிறுவ முடியாத கணினிகளிலிருந்து நுழைய வேண்டியவர்களுக்கு அப்பாச்சி குவாக்கமோலி உண்டு. பிரவுசரிலேயே ஆர்டிபி, விஎன்சி, எஸ்எஸ்எச் மூன்றையும் திறக்கும். அமைப்பதில் வேலை கொஞ்சம் அதிகம், ஓர் ஆளுக்காக அதில் இறங்க வேண்டாம்.

ஆக என் தேர்வுகள் இப்படிப் போகும். விண்டோஸ் ப்ரோ ஹோஸ்ட், ஒரே ஆள் என்றால் டெயில்ஸ்கேலுக்குள் ஆர்டிபி, யோசிக்கவே வேண்டாம். பலர் என்றால் லினக்ஸில் எக்ஸ்ஆர்டிபி. விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருள் இருந்தால் வேறு வழியில்லை, சர்வர் உரிமம்தான். மேக் என்றால் அதிலேயே இருக்கும் ஸ்கிரீன் ஷேரிங், விபிஎன்னுக்குள். அடுத்தவருக்கு உதவ என்றால் இடைச்சர்வர் சேவைகளில் அந்தப் பக்கத்தவருக்கு எளிதானது எதுவோ அது.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, இதை எந்த ஒப்பீட்டிலும் யாரும் எழுதுவதில்லை. விஎன்சி உங்கள் விசைகளை எழுத்துக் குறியீடாக மாற்றி அனுப்புகிறது. உங்கள் பக்கத்தில் தமிழ்99 விசைப்பலகை இருந்தால், அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது எழுத்து விழுங்கப்படலாம், புள்ளி தனியாக நிற்கலாம். தமிழ் விசைப்பலகையை ஹோஸ்டில் மட்டும் வைத்து, உங்கள் கணினியை ஆங்கிலத்திலேயே விடுங்கள். ஆர்டிபியிலும் இதே ஏற்பாடுதான் தொல்லையில்லாதது. விசை என்றதும் இன்னொன்று: ஆர்டிபிக்குள் கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட் உங்கள் கணினிக்குத்தான் போகும். அந்தப் பக்கத்துக்கு அனுப்ப கன்ட்ரோல்-ஆல்ட்-எண்ட்.

எல்லாம் சரியாக அமைத்த பிறகும் தோற்கும் இடம் பெரும்பாலும் மின்சாரமும் தூக்கமும்தான். ஹோஸ்டின் ஸ்லீப்பை அணைத்துவிடுங்கள். தூங்கும் கணினியை நெட்வொர்க் வழியாக எழுப்பும் வேக்-ஆன்-லேன் இருக்கிறதே என்பார்கள். எழுப்புவதற்காக அனுப்பும் அந்த 102 பைட் பொட்டலம் சாதாரணமாக ரவுட்டரைத் தாண்டிப் போகாது, அதே நெட்வொர்க்கில் விழித்திருக்கும் இன்னொரு சாதனம் அனுப்பினால்தான் உண்டு. மின்சாரம் போய் வந்தால் தானே ஆன் ஆகும்படி பயோஸில் ஒரு அமைப்பு இருக்கும், அதைப் போடுங்கள். வட்டைக் குறியாக்கம் செய்து, கணினி தொடங்கும்போதே கடவுச்சொல் கேட்கும்படி வைத்திருந்தால் இதெல்லாம் பயன்படாது. யாராவது நேரில் போய்த் தட்டும் வரை அது அங்கேயே நிற்கும். கிளம்பும் முன் ஹோஸ்டை ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள், யாரும் தொடாமல் விடுங்கள், போனின் மொபைல் டேட்டாவிலிருந்து நுழைந்து பாருங்கள். வீட்டு வைஃபையிலிருந்து சோதித்தால் கணக்கில் சேராது.